ஒரு வாக்கியத்துக்கு ஒரு சாண் வரப்பு

என் மகன் என்னைப் பூட்டி வைத்தான். மாசி, பங்குனி, பாதி சித்திரை வரை சொந்த வீட்டிலேயே நான் கைதி. பாசத்தால் செய்தான் என்று ஊரில் அவனுக்காகப் பேசுகிறார்கள். பேசட்டும். கேட்டில் தொங்கிய பூட்டு பாசத்தால் செய்ததல்ல, இரும்பால் செய்தது. இதை எழுதி வெளியே விடப்போகிறேன் என்று அவனிடமே சொன்னேன். "எழுதுங்க நைனா, யாரு படிக்கப்போறாங்க" என்றான். நீங்கள் படிக்கிறீர்கள். அது போதும்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறோம். இரண்டு கறவை மாடு. மகன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது போன பிறகுதான் வீடு. முப்பது தாண்டிவிட்டான். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெண் வீட்டார் யாராவது இதைப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

சென்ற வருடம் தை மாதம். சம்பா அறுப்பு முடிந்திருந்தது. காலையில் பால் சொசைட்டி வரிசையில் கேனோடு நிற்கிறேன். எனக்குப் பின்னால் என் பங்காளி. அவன் தாத்தாவும் என் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். அவர்கள் பாகம் பிரித்துக்கொண்டதில் அவன் கழனியும் என் கழனியும் ஒரே வரப்புக்கு இரண்டு பக்கம் கிடக்கின்றன. என்னைவிட இரண்டு மாதம் இளையவன். நிற்கத் தெரிந்த நாளிலிருந்து அவனும் நானும் சண்டை போடுகிறோம். ஒவ்வொரு நாற்று நடவுக்கு முன்பும் வரப்பைச் சீர் செய்கிறேன் என்ற பெயரில் அவன் பக்கத்தில் மண்ணைக் கூட்டி என் பக்கத்தில் கழிப்பான். அடுத்த நடவுக்கு நான் அதையே திருப்பிச் செய்வேன். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

அன்றைக்கு என் கேனை எட்டிப் பார்த்துவிட்டு, என் மாடு ஏரியில் இறங்கிக் குடித்துவிட்டு நேராக வந்துவிட்டதா, பால் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டான். வரிசை சிரித்தது. சிரித்துவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தது. என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில். அவன் மாமியாரையும் சேர்த்துத் திட்டுகிற பதில். வாய் திறக்கவில்லை.

மற்றவர்கள் நான் ரோஷப்பட்டு நிற்பதாக நினைத்தார்கள். அவன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து முகத்தைப் பார்த்தான்.

"டேய், இன்னாடா சும்மா நிக்கற?" என்றான்.

கேன் கையிலிருந்து நழுவியது. சிந்திய பாலை யாரும் பார்க்கவில்லை. பால் வண்டியிலேயே பங்காளி என்னைத் தூக்கிப் போட்டு உத்திரமேரூருக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரி. மூளைக்குப் போகிற ரத்தம் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டது, நேரத்தோடு வந்ததால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னாராம். எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தீர்கள் என்று பங்காளியைக் கேட்டிருக்கிறார். "இவன் என்னிய திட்டாம நின்னான் சார். அப்பவே தெரிஞ்சிபோச்சு" என்றானாம்.

வலது கையும் காலும் பாதி வேலை செய்தன. பேச்சு போய்விட்டது. அது எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். புத்தி தெளிவாக இருக்கும். தண்ணீர் வேண்டும், அது தண்ணீர், அதன் பெயர் தண்ணீர் என்று தெரியும். வார்த்தைகள் உள்ளே முட்டிக்கொண்டு நிற்கும், கதவு சிக்கிக்கொண்ட பஸ்ஸில் ஜனம் நிற்பது போல. ஒருவனும் இறங்க முடியாது. ஊரிலேயே பெரிய வாய் எனக்குத்தான். அந்த வாய்க்கு இந்தக் கதி.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஊர் என்னைப் பார்க்க வந்தது. எங்கள் பக்கம் உடம்பு முடியாதவனைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிரெட், சாத்துக்குடி, சத்துமாவு டப்பா கொண்டுவருவார்கள். கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள். உட்கார்ந்து, அதே நோயில் செத்தவர்களின் கதைகளை நோயாளியின் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நானும் பல கட்டில்களின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றாது. உன் நோய் எங்களுக்குத் தெரியாத நோயில்லை என்று ஆறுதல் சொல்வதாகத்தான் எண்ணம்.

அன்று என் முறை. ஒரு பெண்மணி அவள் மாமனாருக்கும் இதே கை, இதே கால் என்று தொடங்கி, காரியத்துக்குப் போட்ட சாப்பாடு வரைக்கும் போனாள். என் கூட்டாளி ஒருவர் இருக்கிறார், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தன்னோடு வண்டியில் வந்த டிரைவரின் கதையைச் சொன்னார். அந்த ஆளும் செத்துப்போனான். பங்காளி கடைசியில் இருந்து எட்டிப் பார்த்து, "எல்லாரும் செத்த கதையே சொல்லிக்கினு கீறீங்களே, பொயைச்ச ஆளு எவனும் இல்லியா?" என்று கேட்டான். எல்லோரும் யோசித்தார்கள். உண்மையாகவே யோசித்தார்கள். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வெளியே வந்தது அழுகை. குலுங்கிக் குலுங்கி அழுகிறேன், உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நோயில் அப்படித்தான் ஆகுமாம், சிரிப்பு அழுகையாக வெளிவருமாம். டாக்டர் பின்னால் சொல்லித்தான் தெரியும். என் மகனுக்கு அன்று தெரியவில்லை. அப்பன் அழுகிறான் என்று மட்டும் பார்த்தான். புதிதாக வாங்கிய பிபி மெஷினை என் கையில் சுற்றினான். சிரித்தவனுக்கு ஏறாமல் என்ன செய்யும், ஏறித்தான் இருந்தது. எல்லோரையும் எழுந்து போகச் சொன்னான். கண்டக்டர் பாதி கதையில் எழுந்து போனார்.

மறுவாரம் கேட்டுக்குப் பூட்டு வந்தது. சாவி என் மனைவி இடுப்பில், யாரையும் உள்ளே விடக்கூடாது என்ற கட்டளையோடு. கேட் தூணில் ஒரு கேமரா, கூடத்தில் ஒரு கேமரா. சும்மா பார்க்கிற கேமரா இல்லை, பேசுகிற கேமரா. யாராவது வந்து கேட்டைத் தட்டினால் ஒரகடத்தில் அவன் போனில் மணி அடிக்கும். அங்கிருந்தே பேசுவான். தூண் பேசும்: "நைனாவுக்கு ரெஸ்ட். அப்பறமா வாங்க." கீரை விற்கிற அம்மா முதல் நாள் அதைக் கேட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடியே போனாள். என் மனைவி போய்க் கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

நான் படுத்துக் கிடந்தேன். டிவி ஓடியது. பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கிற பையன் வாரம் ஒரு முறை வந்து காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவான். அவனும் காதில் எதையோ சொருகிக்கொண்டுதான் மடக்குவான். பேச்சுக்கும் பயிற்சி சொல்லியிருந்தார்கள். ஒரு அட்டையில் படம் இருக்கும், ஆப்பிள், வீடு, யானை. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். யானையைப் பார்த்து யானை என்று சொல்ல எனக்கு என்ன அவசரம்? எங்கள் ஊருக்கு யானையே வந்ததில்லை. அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

பங்குனி மாதம் பரிசோதனைக்குக் கூட்டிப்போனான். கால் தேறியிருக்கிறது, பேச்சு ஏன் அப்படியே இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். எடை குறைந்திருந்தது. பிபி இறங்கவில்லை. தூக்கம் இல்லை என்று என் மனைவி சொன்னாள். யார் யாரோடு பழகுகிறார் என்று கேட்டார். முழு ரெஸ்ட் கொடுத்திருப்பதாக மகன் பெருமையாகச் சொன்னான். டிவி போட்டுவிட்டிருக்கிறேன் என்றும் சொன்னான்.

"டிவி பதில் சொல்லுமா?" என்றார் டாக்டர்.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். நாலு பேரோடு இருக்கிறவனுக்குத் தூக்கம் வரும், பசி எடுக்கும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் நிற்கும், மூளை வேலை செய்யும். தனியாகக் கிடக்கிறவனுக்கு மருந்து கொடுத்தாலும் பாதிதான் பிடிக்கும். பேச்சு திரும்ப வேண்டுமானால் பேச ஆள் வேண்டும். ஆட்களைப் பார்க்க விடுங்கள் என்றார். அப்போதுதான் அந்தச் சிரிப்பு, அழுகை விஷயத்தையும் சொன்னார்.

என் மகன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். கேட்டு என்ன செய்தான் தெரியுமா? மறுநாளிலிருந்து கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக் கேமரா வழியாக என்னோடு பேச ஆரம்பித்தான். "நைனா, சாப்ட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" சுவர் உச்சியிலிருந்து குரல் வரும். நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். "சரி நைனா." முடிந்தது. பூட்டை எடுக்கவில்லை. மறுபடியும் கூட்டம் சேர்ந்து, பிபி ஏறி, இன்னொரு முறை இழுத்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று அவன் அம்மாவைக் கேட்டான். அவனுக்குப் பயம். அது எனக்கும் தெரியும். பயந்தவன் கையில் பூட்டு கொடுக்கக்கூடாது.

நான் சாப்பாட்டைக் குறைத்தேன். வீம்புக்கு இல்லை. இறங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். இப்படியே போய்விட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, இருந்தது, போகவில்லை.

என் மனைவி அதைப் பார்த்திருக்கிறாள். அவள்தான் அப்போது பால் ஊற்றப் போய்க்கொண்டிருந்தாள். சொசைட்டியில் பங்காளியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அவன், "வுடு அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றானாம். இது எனக்கு அப்போது தெரியாது.

சித்திரையில் சொர்ணவாரிப் பட்டத்து நடவுக்கு உழவு ஓட்டுகிற நேரம். என் கழனியையும் அவனே டிராக்டர் விட்டு ஓட்டியிருந்தான். ஒரு நாள் காலை, நாஷ்டா முடிந்து நான் கட்டிலில் கிடக்கிறேன். கேட்டை மண்வெட்டியால் தட்டுகிற சத்தம்.

தூண் பேசியது: "சித்தப்பா, நைனாவுக்கு ரெஸ்ட்."

"எடுக்கட்டும். நான் இன்னா எய்ந்து ஆடவா சொன்னேன்? ஒரு சேதி, சொல்லிட்டுப் போறேன்."

"எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்."

"தோ பாரு, உன்னிய இடுப்புல தூக்கிக்கினு சுத்தனவன் நான். செவுத்துக்குள்ள குந்திக்கினு என்னிய கேள்வி கேக்காத. உங்க நைனாக்கு காது நல்லாத்தான கீது?" என்று சொல்லிவிட்டுக் குரலை உயர்த்தினான். "டேய், உள்ள கீறவனே! வரப்ப வெட்டிட்டேன். இந்தக் கோடிலேர்ந்து போர்செட் வரைக்கும். உம் பக்கம் ஒரு மம்புட்டி அகலம் உள்ள வந்துட்டேன். கேக்கறதுக்குதான் ஆளு இல்லியே."

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"சித்தப்பா, அந்தப் பேச்செல்லாம் இப்ப வாணாம்" என்றது தூண். அவன் காதில் வாங்கவில்லை. அடுத்த பட்டத்துக்கு இன்னும் ஒரு மண்வெட்டி வருவேன், அதற்கடுத்த பட்டத்துக்கு வரப்பே இருக்காது, இரண்டும் ஒரே கழனி, நானே நட்டு நானே அறுப்பேன் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனான். என் நிலத்தை எனக்கே ஏலம் போடுகிறான்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்தேன், கதவைப் பிடித்தேன், வெளியே வந்து துணி துவைக்கிற கல்லைப் பிடித்தேன். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவன் முகம் எனக்கு ஒரு அடி தூரத்தில் இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"திருட்டு நாயே" என்றேன்.

தெளிவாக வந்தது. எனக்கே கேட்டது. என் மனைவி மாட்டுத் தொட்டியிலிருந்து ஓடிவந்தாள். பங்காளி பல்லைக் காட்டுவதை நிறுத்திவிட்டான். முதலில் பேசியது தூண்தான்.

"நைனா? நைனா, நீங்களா? இன்னொரு தபா சொல்லுங்க."

நான் கேமராவைப் பார்த்துத் திரும்பி, இன்னொரு தபா சொன்னேன்.

கம்பெனியில் அவன் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கிறது. என் மகன் மெஷின் பக்கத்தில் நின்று தேம்பி அழுதானாம். அப்பன் நாய் என்று திட்டியதற்கு ஒருவன் சந்தோஷத்தில் அழுததை அந்தக் கம்பெனியில் யாரும் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார்கள். இங்கே பங்காளி சேற்றுக் காலோடு கேட்டுக்கு வெளியே மண்ணில் குந்திவிட்டான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னாடா, ஒண்ணே ஒண்ணுதானா? ஸ்டாக்கு அவ்ளோதானா?" என்றான். என் மனைவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். அந்தப் பூட்டு அப்புறம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அவளைக் கேட்டால் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

முதலில் திரும்பியது கெட்ட வார்த்தைகள்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தால் "நாயே" என்று வரும். மனைவி தண்ணீர் கொண்டுவருவாள். "நாயேன்னு கூப்ட்டாலும் சர்தான், கூப்ட்டியேய்யா" என்பாள். பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அவர் கோபிக்கவில்லை. கோபத்திலும் பழக்கத்திலும் வருகிற வார்த்தைகள் மூளையில் வேறு பக்கம் தங்கியிருக்கும், அவைதான் முதலில் வரும், நிறுத்தவேண்டாம், கூட்டாளிகளை வரச்சொல்லுங்கள் என்றார்.

வந்தார்கள். காலையில் பால் ஊற்றிவிட்டு நேராக என் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். பங்காளி, கண்டக்டர், இன்னும் இரண்டு மூன்று பேர். யாரும் எனக்கு யானைப் படம் காட்டவில்லை. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு அவர் வண்டி ஓடிய ரூட்டைச் சொல்வார். உத்திரமேரூர், வெங்கச்சேரி, அப்புறம் வேண்டுமென்றே மாகறலை விட்டுவிட்டு ஆர்ப்பாக்கம் என்பார். அந்த ரூட்டில் ஆயிரம் தடவை போயிருக்கிறேன். மாகறலில் நிற்காமல் ஒருவன் வண்டியை விட்டால் பொறுக்குமா? முதல் நாள் கையைத் தரையில் அடித்தேன். நாலைந்து நாள் அடித்தேன். பிறகு ஒரு நாள் "மாகறல்" என்று வந்தது. "எறங்கு, எறங்கு" என்று கண்டக்டர் துள்ளினார். மறுநாள் ஓரிக்கையை விட்டார்.

பங்காளி வேறு வழி வைத்திருந்தான். பழைய கதைகளைத் தப்பாகச் சொல்வான். தென்னேரியில் கபடி ஆடப்போனோம், இளவட்ட வயதில். கடைசி ஏறுக்குப் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டைப் பிடித்தவன் நான். அந்தக் கதையில் தன் பெயரைப் போட்டுச் சொல்வான். நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர் சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொல்வான். கேட்கிறவர்கள் நம்புகிற மாதிரி தலையாட்டுவார்கள். "நான்" என்றேன் முதலில். அப்புறம் "நான் தொட்டேன்". அப்புறம் முழுக் கதையும் சரியாக வந்தது, திக்கித் திக்கி. பொய்யைத் திருத்துகிற வெறியில் வந்த வார்த்தைகள் அவை. கெஞ்சிக் கேட்டிருந்தால் வந்திருக்காது.

வைகாசி கடைசியில் கம்பு ஊன்றிக்கொண்டு கழனிக்கு நடந்தேன். வரப்பைப் பார்க்க வேண்டும். என்னைக் கிளப்பிவிடச் சொன்ன பொய் அது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் மனைவியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் உண்மையாகவே வெட்டியிருக்கிறான். கோடியிலிருந்து போர்செட் வரைக்கும், நூல் பிடித்த மாதிரி, ஒரு மண்வெட்டி அகலம். அதன்மேல் நாற்றும் நட்டு, அது பச்சை பிடித்து நிற்கிறது.

"சும்மா சொன்னா நீ நம்புவியாடா? அம்பது வருசமா எம் பொய்ய பாத்தவன் நீ" என்றான். "வெட்னாதான் எம் மூஞ்சில அந்தக் களை வரும்."

திருப்பிக் கொடு என்று சைகை காட்டினேன். சைகை எல்லாம் செல்லாது என்றான். வரப்பு வேண்டுமானால் வாயால் கேள் என்றான். அறுப்பு முடியட்டும், ஒரு முழு வாக்கியம் திக்காமல் சொன்னால் ஒரு சாண் வரப்பு, கண்டக்டர்தான் சாட்சி என்றான். இப்படி ஒரு ஒப்பந்தத்தை எந்த ரிஜிஸ்டர் ஆபீசிலும் பதிய முடியாது. ஆனால் இவன் அதில் உறுதியாக நின்றான். நான் கழனிக்கு நடந்துபோய்த்தான் சொல்ல வேண்டும், வீட்டில் சொன்னது கணக்கில் வராது. தினமும் நடந்தேன். வாக்கியம் உடைந்தால் சாண் கிடையாது. வரப்பின்மேல் நின்றுகொண்டு ஒருவன் பேசுகிறான், இன்னொருவன் சாண் போட்டு அளந்து மண்ணை வெட்டிப் போடுகிறான், மூன்றாமவன் விசில் ஊதித் தீர்ப்புச் சொல்கிறான். ரோட்டில் போகிற டிராக்டர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகும். நல்ல வாக்கியம் வந்தால் டிரைவர் ஹார்ன் அடிப்பான்.

இப்போது வரப்பு ஏறக்குறைய முழுதும் என் பக்கம் வந்துவிட்டது. போர்செட்டுக்குப் பக்கத்தில் கடைசித் துண்டு பாக்கி. எனக்கு இன்னும் "ழ" சரியாக வரவில்லை, அது வந்தால்தான் என்கிறான். பிறந்ததிலிருந்து வாயப்பயம் தின்கிறவன் என்னிடம் "ழ" கேட்கிறான்.

பிபி இறங்கியது. தூங்குகிறேன். சாப்பாட்டைக் குறை என்று சொல்கிற அளவுக்குச் சாப்பிடுகிறேன். மாத்திரையை நான் ஒரு வேளையும் விட்டதில்லை. கூட்டாளிகள் இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று எவனாவது சொன்னால் செருப்பால் அடியுங்கள். ஆனால் அதே மாத்திரையைத்தான் மாசியிலும் பங்குனியிலும் சுவரைப் பார்த்துக்கொண்டு விழுங்கினேன். அப்போது அது தொண்டையைத் தாண்டி என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. வித்தியாசம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது.

இனி என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மரத்தடியில் சபை கூடியிருக்கிறது. கண்டக்டர் பிபி மெஷினை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தார். குறைவாக வந்தவனுக்கு டீ இலவசம் என்று பந்தயம். என் மகன் வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பங்காளி அவனையும் இழுத்து உட்காரவைத்தான். மெஷின் ஓடியது, நின்றது. கண்டக்டர் இன்னொரு முறை சுற்றினார். பிறகு மெஷினைத் திருப்பி என்னிடம் காட்டினார். எங்கள் எல்லோரையும்விட, விழுந்து எழுந்த என்னையும்விட, அவனுக்குத்தான் அதிகம்.

"மெஷின் பேஜாராயிட்ச்சி நைனா" என்றான். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. இப்போது அவனும் மாத்திரை போடுகிறான். இந்த வயதில்.

உப்பு, நடை, தூக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, பேசிப் பழக யார் இருக்கிறார்கள் என்று என்னைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியை டாக்டர் அவனிடமும் கேட்டார். கம்பெனியில் நிறைய பேர் இருக்கிறார்கள் என்றான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் பெயர் என்ன என்று நான் குறுக்கே கேட்டேன். தெரியவில்லை. இரண்டு வருடமாக ஒரே சீட்டில் போகிறார்கள். அவனும் காதில் மாட்டிக்கொண்டு வருகிறான், இவனும் மாட்டிக்கொண்டு போகிறான். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள்? "எல்லாரும் குரூப்ல கீறாங்க நைனா." போனை வாங்கி அந்த குரூப்பைப் பார்த்தேன். பிறந்தநாளுக்குக் கேக் படம், செத்தால் மாலை படம். நடுவில் ஒருவனும் ஒருவனையும் திட்டவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறேன். மரத்தடிக்கு வந்து உட்கார், உன் வயசுப் பையன்களையும் கூட்டி வா, கிழவன்கள் பிடிக்கவில்லை என்றால் வேறு மரத்தடியில் உட்காருங்கள், ஊரில் மரத்துக்கா பஞ்சம் என்கிறேன். வேலை இருக்கிறது என்கிறான். கதவைச் சாத்திக்கொள்கிறான். வெளியிலிருந்து பூட்டினால் உடைக்கலாம். இவன் உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்கிறான். அதற்கு எந்த வரப்பை வெட்டுவது என்று பங்காளியையே கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். அவனுக்கே வழி தெரியாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

ஆகவே அவனையே என் வழியில் கேட்கிறேன், எழுத்தில். வருகிற ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறோம். வீட்டுக்கு வீடு காய்ச்சிக் கொண்டுவந்து ஒரே அண்டாவில் ஊற்றிக் கலக்குவோம், யார் வீட்டுக் கூழ் யார் சொம்பில் போகிறது என்று தெரியாமல் ஊரே குடிக்கும். கம்பெனிக்கு அன்று லீவு போடு. மைக் செட் பங்காளி பொறுப்பில். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். வந்து நில். நீ கடைசியாக யாரோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாய்? அந்த ஆளின் பெயர் என்ன? "குரூப்" என்று சொல்லாதே. "வேலை" என்று சொல்லாதே. ஒரு ஆளின் பெயரை, ஊர் கேட்க, மைக்கில் சொல்.